"யார் பண்ணது?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

புரொடக்‌ஷன் சர்வர் (வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்துவது) படுத்துவிட்டால் போதும், எல்லோரும் சேரும் அவசர ஃபோன் அழைப்பான பிரிட்ஜ் காலில் வரும் முதல் கேள்வி "யார் பண்ணது?" என்பதுதான். வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு, தரவு எங்கே போச்சு, எப்படி மீட்பது, இதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு பெயர் வேண்டும், மேலே சொல்ல.

போன வாரம் எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத பெண். டெஸ்ட் சர்வரில் பழைய ஆர்டர்களைத் துடைக்கிற ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, புரொடக்‌ஷனில் ஓட்டிவிட்டாள். கட்டளை அடிக்கிற டெர்மினல் இரண்டுக்கும் ஒரே கறுப்புத் திரை. சர்வர் பெயரில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. அந்த ஸ்கிரிப்ட் "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. டீம் முழுக்க ஒரே பொது லாகின், அதற்கு எதை வேண்டுமானாலும் அழிக்கும் உரிமை. அந்த அழைப்பில் கிளையன்ட் வரைக்கும் எல்லோரும் இருக்கும்போதே "நேம் சொல்லுங்க, யாரு பண்ணது?" என்று விடாமல் கேட்டார்கள். கடைசியில் அவளே மைக்கைத் திறந்து "நான்தான் சார்" என்றாள். பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டிய நேரமெல்லாம் அவளைத் திட்டுவதில் போனது.

என் வயிறு எரிவது இதற்காக மட்டும் இல்லை. இதே ஸ்கிரிப்டைப் பற்றி அவள் முன்பே ஸ்டாண்ட்-அப்பில், அதாவது தினசரி டீம் கூட்டத்தில், கேட்டிருக்கிறாள். "இது எந்த சர்வர்னு செக் பண்ணவே இல்லையே, தப்பா ஓட்டிட்டா என்ன ஆகும்?" என்றாள். சீனியர் ஒருவர் "இதுகூடப் பார்த்து ஓட்டத் தெரியாதா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றோடு அவள் ஸ்டாண்ட்-அப்பில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். விபத்தை முன்கூட்டியே பார்த்துச் சொன்ன ஒரே ஆளின் வாயை அடைத்துவிட்டு, விபத்து நடந்ததும் அவள் தலையையே உருட்டினால் இது என்ன நியாயம்?

அப்புறம் வந்தது ஆர்சிஏ, அதாவது விபத்தின் மூல காரணத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வு. ஐந்து முறை "ஏன்" என்று தோண்டிக்கொண்டே போகவேண்டிய படிவம். முதல் "ஏன்"னிலேயே "மனிதத் தவறு" என்று முடித்துவிட்டார்கள். தீர்வு என்ற கட்டத்தில் "ஊழியர் எச்சரிக்கப்பட்டார்". ஸ்கிரிப்ட் அங்கேயே இருக்கிறது. பொது லாகினும் இருக்கிறது. நாளைக்கு வேறொருவர் ஓட்டுவார்.

2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் இதே மாதிரிதான் நடந்தது. ராத்திரி நேரத்தில் டேட்டாபேஸ் பிரச்சினையோடு போராடிக்கொண்டிருந்த ஓர் இன்ஜினியர், தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில், அவர் சுதாரித்து நிறுத்தும்போது மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வி என்று போகவேண்டிய மின்னஞ்சல்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு நடந்த அத்தனையையும் பொதுவில் எழுதினார்கள். அழித்தவரின் பெயரைத் தேடாமல், பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை, அது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று தோண்டினார்கள். "யார்" என்று கேட்டிருந்தால் அந்த ஓட்டை பேக்கப் இன்னும் எத்தனை நாள் கமுக்கமாகக் கிடந்திருக்குமோ!

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக வேலை செய்யும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். கணக்கில் அந்தக் குழுக்களில்தான் தவறுகள் அதிகம். காரணம், அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். "எங்க டீம்ல ஜீரோ டிஃபெக்ட்" என்று மார்தட்டும் மேனேஜர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். உங்களிடம் வந்து சொல்ல ஆளில்லை என்பதும் அந்த ஜீரோவுக்குக் காரணமாக இருக்கலாம்.

இதற்கு நடுவில் "கண்டினியுவஸ் லேர்னிங்" என்று ஒன்று. வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் வீடியோ பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் அப்ரைசலில் கை வைப்பார்கள். வீடியோவை மியூட்டில் ஓடவிட்டு எல்லோரும் டிக்கெட் (தங்களுக்கு வந்த வேலைக் கோரிக்கை) மூடிக்கொண்டிருக்கிறார்கள், வேறு வழி? வேலை நேரத்தில் கற்க ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. கண்ணெதிரே நடந்த இந்த விபத்திலிருந்து டீமுக்கே எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருக்கலாம். சர்வருக்குச் சர்வர் திரை நிறத்தை மாற்றுவது, அழிக்குமுன் சர்வர் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்வது, மாதம் ஒருமுறை பேக்கப்பை நிஜமாகவே மீட்டுப் பார்ப்பது. எல்லாம் சேர்ந்து ஒரு வார வேலை. அதற்கு நேரமில்லையாம். எச்சரிக்கைக் கடிதம் அடிக்க நேரமிருந்தது.

அந்தப் பெண் இப்போது வேறு இடத்தில் வேலை தேடுகிறாள். போகட்டும், நல்ல டீம் கிடைக்கட்டும். ஆனால் மேனேஜர்களே, அவள் போவதற்குள் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். ஆர்சிஏவை மறுபடி திறந்து, அவளையும் உட்காரவைத்து, அன்று ஸ்டாண்ட்-அப்பில் என்ன கேட்டாள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். அந்தப் பொது லாகினை இன்றைக்கே மூடுங்கள்.