விஞ்ஞானியை மந்திரி ஆக்கினால்?

தேர்தல் பேச்சு வந்தாலே எங்கள் பெங்களூர் அல்சூர் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் ஒரே மருந்துதான் எழுதுவார்கள்: "விஞ்ஞானிகளை மந்திரி ஆக்கிடணும், நாடு உருப்பட்டுடும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் செய்து பார்த்தாயிற்றே! பிரதமர் வி.பி.சிங் ஆட்சியில் எம்.ஜி.கே.மேனன் அறிவியல் தொழில்நுட்பத் துறை இணை அமைச்சர். பொக்ரான் 1974 அணுகுண்டுச் சோதனைக் குழுவை நடத்திய நம்ம துமகூர்க்காரர் ராஜா ராமண்ணா, பாதுகாப்புத் துறை இணை அமைச்சர். ஒரே அரசில் இரண்டு இயற்பியலாளர்கள். 1990 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை.

மேனன் மேல் எனக்குத் தனிப் பிரியம். என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்து ஆள். மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தேடி அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கிய குழுவில் முன்னால் நின்றவர் மேனன். தலைக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பாறை. மற்ற கதிர்களைப் பெரும்பாலும் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ என்ற நுண்துகள் சுலபமாக ஊடுருவும். பக்கத்துப் பாறையில் அது மோதினால் மியூவான் என்ற இன்னொரு துகள் பிறக்கும். மேலிருந்து செங்குத்தாக வரும் மியூவானை நம்ப முடியாது, வானத்திலிருந்தே வந்ததாக இருக்கலாம்; கிடையாக ஓடிவந்தால் அது நியூட்ரினோ தந்ததுதான். 1965-ல் பிடித்தே விட்டார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அதே வருஷம் பிடித்தது.

மறுவருஷம் டாடா நிலையத்தை நடத்திவந்த ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தபோது அந்த நிலையமே மேனன் கைக்கு வந்தது. அப்புறம் 1972-ல் சில மாதம் இஸ்ரோ, மின்னணுத் துறை, பாதுகாப்பு ஆராய்ச்சி, திட்டக் குழு. எனக்குப் பெரிதாகப் படுவது கேரளத்துச் சைலண்ட் வேலி காடு. அங்கே அணை வேண்டுமா என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. காடு பிழைத்தது. அப்போது அவர் மந்திரியே இல்லை.

படித்தவரைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தால் போதும் என்பதில் நம் சோம்பலும் கொஞ்சம் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு அலைவது அவர்கள் வேலை இல்லையாம்! இயற்பியலாளர் மேக்நாத் சாகா 1952-ல் கல்கத்தாவில் சுயேச்சையாக நின்று ஜெயித்து மக்களவைக்குப் போனவர். மந்திரி ஆகவில்லை. அணுசக்தி விஷயத்தில் நேரு அரசையே கேள்வி கேட்டார். என் ஓட்டு இந்த வகைக்குத்தான்.

தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடியாயிற்று. அடுத்த நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேனி பொட்டிபுரம் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள், ஊர் எதிர்த்தது. அந்தச் சனங்களோடு திண்ணையில் உட்கார்ந்து, மலைக்குள் என்ன நடக்கும் என்று பேசி, திட்டும் வாங்கி, ஓட்டும் வாங்கக்கூடிய ஒரு இயற்பியலாளர் வேட்பாளராக வந்திருந்தால்? ஊர் அப்போதும் மறுத்திருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் அப்படிப்பட்டவருக்கு எந்த மாவட்டச் செயலாளர் சீட் வாங்கித் தருவார்? அதை முதலில் சொல்லுங்கள், மந்திரி பதவியை அப்புறம் பேசுவோம்.