நிலா சுழல்கிறது, அதற்கு நடுக்கோடும் உண்டு

“நிலா ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது, அது சுழல்வதே இல்லை, அதனால் நடுக்கோடும் கிடையாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஒரே முகம் என்பது சரி; சுழல்வதில்லை, நடுக்கோடு இல்லை என்பவைதான் தவறு.

ஒரு நாற்காலியைப் பார்த்தபடியே அதைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் அறையின் நான்கு சுவர்களையும் பார்த்திருப்பீர்கள். அதாவது நீங்களும் ஒருமுறை சுழன்றுவிட்டீர்கள். நிலாவும் அப்படித்தான்: தன்னைச் சுற்றவும் பூமியைச் சுற்றவும் அதே 27.3 நாட்கள்.

சுழற்சி இருந்தால் அச்சு உண்டு; அச்சின் இரு முனைகளுக்கும் சரிபாதியில் சுற்றி ஓடும் நடுக்கோடும் உண்டு. அதன் சுற்றளவு சுமார் 10,921 கி.மீ.; பூமியுடையது 40,075. வேகத்தில்தான் பெரிய வித்தியாசம்: பூமியின் நடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,670 கி.மீ., நிலாவில் 17-கூட இல்லை, சைக்கிள் வேகம். 1969இல் அப்போலோ 11 இறங்கிய இடம் இந்தக் கோட்டுக்கு வடக்கே ஒரு பாகைக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது.