மக்கள் பெருகினால் எண்ணெய்ப் போர் வரும் என்று மார்க்ஸ் சொன்னாரா?

மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மக்கள்தொகை பெருகினால் எண்ணெய் தீரும், போர் வரும், பிள்ளைகளைக் குறையுங்கள் என்று கார்ல் மார்க்ஸே எச்சரித்தார்." சிம்மக்கல் டீக்கடையில் இடதுசாரித் தோழர்களே இதை நம்பிப் பேசியபோது மனம் பொறுக்கவில்லை.

இது பொய். மக்கள் பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்று 1798-இல் எழுதியவர் ஆங்கிலேயப் பொருளியலாளர் மால்தஸ். மார்க்ஸ் அவரைக் கடுமையாகத் தாக்கியவர். வேலையற்றோர் பட்டாளத்தை உண்டாக்குவது பிறப்பு விகிதமல்ல, மூலதனக் குவிப்பே (முதலாளிகள் லாபத்தை மேலும் மேலும் முதலீடாக்கிச் சேர்ப்பதே) என்று 1867-இல் 'மூலதனம்' முதல் பாகத்தில் வாதிட்டார். 1881-இல் காவுட்ஸ்கி என்ற சோஷலிசவாதிக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ், மக்கள்தொகைக்கு என்றாவது எல்லை வகுக்க நேர்ந்தால் பொதுவுடைமைச் சமுதாயம் அதைச் சிரமமின்றிச் செய்யும் என்றார். வதந்தி இதிலிருந்து முளைத்திருக்கலாம். ஆனால் அது எச்சரிக்கையே அல்ல.

எண்ணெய் வற்றக்கூடிய வளம்தான். அமெரிக்க உற்பத்தி 1970-ஐ ஒட்டி உச்சம் தொடும் என்று 1956-இல் அமெரிக்க நிலவியலாளர் ஹப்பர்ட் கணித்தார்; அப்படியே நடந்தது. பிறகு பாறை அடுக்குகளை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெய் வந்து, 2018-இல் உற்பத்தி அந்த உச்சத்தையே தாண்டியது.

1973-இல் உலகம் தவித்தது கிணறுகள் வற்றியதாலா? இல்லை. இஸ்ரேலுடன் போர் மூண்டதும் அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு ஏற்றுமதியை நிறுத்தின. போர் முந்தியது, தட்டுப்பாடு பிந்தியது.

பழியை நம் வீட்டுப் பெண்கள்மேல் போடுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 1.8; மக்கள்தொகை குறையாமலிருக்கவே 2.1 வேண்டும்.