"ஜெனிவா தராது" என்று சொன்னவருக்கு

காணாமல் ஆக்கப்பட்ட தன் பிள்ளைக்காக ஜெனிவாவில், அதாவது ஐநா மனித உரிமைகள் பேரவையில், நீதி கேட்கும் ஒரு அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காணொலியும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "அம்மா, ஜெனிவா உங்கட பிள்ளையைக் கொண்டுவந்து தராது" என்று மேடையில் இருந்தவர் சொன்னதை விட, முன்வரிசையில் எழுந்த சிரிப்புத்தான் என்னைச் சுட்டது.

தராது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாதா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் வந்து குந்திய தாய்மாருக்கு அது உங்களை விட நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து அழுத்தம் வந்தபோதுதான் இலங்கை அரசு கொஞ்சமாவது அசைந்தது. அதனால் அந்தப் பிடியை விடாதீர்கள் என்கிறார்கள். அவ்வளவுதான்.

நடந்ததைப் பாருங்கள். 2015இல் ஐநா மனித உரிமைகள் பேரவையில், போரில் நடந்தவற்றுக்குப் பொறுப்புக்கூறல் கேட்ட 30/1 தீர்மானம் வந்தது. அதன் பிறகுதான் 2016இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. 2020 பெப்ரவரியில் அந்தத் தீர்மானத்துக்குக் கொடுத்த இணை அனுசரணையிலிருந்து இலங்கை அரசு விலகியது. அடுத்த மாதமே, யாழ்ப்பாணத்து மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற சிப்பாய் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். உயர் நீதிமன்றமே உறுதிசெய்த தீர்ப்பு அது! பிடி தளர்ந்தால் என்ன நடக்கும் என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

என் பெரியம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், ஆணைக்குழுக்களுக்கு எழுதிய மனுக்களின் பிரதிகள், காணாமல் போன அவவின் மகன், என் அண்ணாவின் லாமினேட் செய்த படம். வெயிலில் பிடித்துப் பிடித்து படத்தில் முகம் வெளிறிவிட்டது. மூக்கும் ஒரு பக்கக் காதும்தான் மிச்சம். புதுசாக அடித்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம் தம்பி, இதைத்தான் எல்லாரும் பார்த்தவை" என்றா. போன வருடம் அவவும் போய்விட்டா. பை இப்போது என் அலுமாரியில்.

"வல்லரசுகள் தங்கட நலனுக்காகத்தான் இதைக் கையில் எடுக்கின்றன" என்பீர்கள். ஓம், உண்மைதான். போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே மாதத்தில், அதே பேரவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு 29 நாடுகள் கைதூக்கின. இந்தியாவும் தூக்கியது. 2012இல் இலங்கைக்கு எதிராக வாக்களித்த அதே இந்தியா, 2021இல் ஒதுங்கி நின்றது. இதெல்லாம் எனக்கும் வலிக்கிறது. அதற்காக அந்த அம்மா வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டுமா?

"இறையாண்மை" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே மனமில்லை. 30/1க்கு இணை அனுசரணை வழங்கியது இலங்கைதான். விசாரணைப் பொறிமுறையில் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்பது பற்றிய வரியும் அதற்குள் இருந்தது.

2021இல் அதே பேரவையில் வந்த தீர்மானத்துக்குப் பிறகு ஐநா மனித உரிமை அலுவலகம் சாட்சியங்களைச் சேகரித்து வைக்கிறது. அதனால் என்ன பயன் என்றும் கேட்டீர்கள். பெரியம்மா போன பிறகு அவ சொன்னதை யார் சொல்வது? யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியில் 2025இல் தோண்டத் தோண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தையின் எலும்போடு பள்ளிக்கூடப் பையும் வந்தது. அதையெல்லாம் யாரை நம்பி விட்டுவிடச் சொல்கிறீர்கள்?

சிரித்தவர்கள் கொழும்பிலிருந்து வரவில்லை. எங்கட ஆக்கள். சிலருடைய வீட்டிலும் ஒரு படம் தொங்குகிறது, எனக்குத் தெரியும்.

அந்த அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தா. நேரமில்லை என்று மைக்கை வாங்கிவிட்டீர்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அவவிடமே மைக்கைக் கொடுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவ சொல்லி முடிக்கட்டும்.