வேலைக்காரிக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட ஓய்வுநாள்

பெங்களூரு கம்மனஹள்ளிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஈஸ்டர் அன்று குடும்பமாக அதிகாலை ஆராதனைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்பியபோது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் பூட்டிய கதவுக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் மடித்து வைத்த வெள்ளைச் சேலையும், ஓரம் தேய்ந்த வேதப்புத்தகமும் இருந்தன. "சீக்கிரமா முடிச்சிடறேன்க்கா, ஒன்பது மணிக்கு எங்க சபையில ஆராதனை" என்றார். முந்தைய இரவு வந்த விருந்தினருக்குச் சமைத்த பாத்திரங்கள் தொட்டி நிறையக் கிடந்தன. அவர் யுட்டிலிட்டியில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில் நின்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது மணி பத்தே கால். அவர் சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி ஜெபம் நடந்துகொண்டிருந்ததாக மறுநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார்.

எட்டு ஆண்டுகளாக அவர் எல்லா ஞாயிறும் வந்திருக்கிறார். மாதம் இரண்டு நாள் விடுப்பு. அதற்கு மேல் எடுத்தால் சம்பளத்தில் பிடித்திருக்கிறோம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

ஓய்வுநாள் பாடசாலையில் பத்துக் கற்பனைகளை, அதாவது தேவனின் பத்துக் கட்டளைகளை, மனப்பாடமாக ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நான். "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்பதோடு அந்தக் கற்பனை முடிந்துவிடுவதில்லை. நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று வேதப்புத்தகத்தின் யாத்திராகமம் ஒவ்வொருவராகப் பெயரிட்டுச் சொல்கிறது. அதே கற்பனை உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் மறுபடி வரும்போது அதற்கான காரணம் மாறிவிடுகிறது. யாத்திராகமத்தில் தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததே காரணம். உபாகமத்திலோ, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள், ஆகவே உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று காரணம் சொல்லப்படுகிறது. வழிபாட்டுக்கு நேரம் ஒதுக்குவது மட்டுமே ஓய்வுநாள் என்று எண்ணியிருந்த எனக்கு, அது கூலி வேலை செய்பவருக்குத் தேவன் எழுதிக் கொடுத்த உரிமையும்கூட என்று விளங்குவதற்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது தானியத்தை விற்கலாம், அளக்கும் படியைக் குறைக்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி அத்தனை கடுமையாகச் சாடியதும் இந்தக் காரணத்தால்தான் என்று இப்போது படிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம். மயிலாடியில் 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே வந்து கிறிஸ்தவ ஊழியம் தொடங்கியதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். அந்தக் காலத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களை ஞாயிற்றுக்கிழமையில் அந்த வேலைக்கு இழுக்கக்கூடாது என்ற ஆணை கர்னல் மன்றோ அங்கே பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடென்டாக இருந்த காலத்தில் கிடைத்தது. அதற்குப் பின்னும் ஞாயிறு வேலைக்கு வர மறுத்தவர்கள் அடியும் மிரட்டலும் வாங்கினார்கள். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஞாயிறு அன்று வரமாட்டேன் என்று எசமானிடம் சொல்வதுதான் எங்கள் முன்னோர்களில் பலர் முதன்முதலாகப் பேசிய உரிமைப் பேச்சு. அவர்களுடைய பேத்தியாகிய நான் இன்னொருத்தியின் ஞாயிறை எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மாவட்டத்து முளகுமூட்டில் 1897-இல் தோன்றிய கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சேர்ந்தவர் பெல்ஜியத்து அருட்சகோதரி ஜீன் டெவோஸ். வீட்டுவேலை செய்யும் பெண்களைத் தேசிய அளவில் ஓர் இயக்கமாகத் திரட்டி, அவர்களையும் தொழிலாளர் என்று அழைக்க வேண்டும் என்று 1985 முதல் பாடுபட்டார். வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கர்நாடக அரசு 2004-இலேயே அறிவித்துவிட்டது. 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை, வீட்டுத் தொழிலாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. ஆதரவாக வாக்களித்த இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. நமக்கு அந்தச் சட்டம் எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது.

சபையில் சிலரிடம் இதைப் பேசியபோது, ஞாயிறுதான் வீட்டில் வேலை அதிகம், உறவினர் வருகிறார்கள், அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், மீதியை நாமே செய்ய வேண்டும் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்தக் கற்பனையின் பட்டியலில் மனைவி என்ற சொல் இல்லை. வேலைக்கு வரும் பெண்ணுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு, அத்தனை பாத்திரத்தையும் வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டினால், ஓய்வுநாள் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு மாறியதாகுமே தவிர வேறொன்றும் நடந்திருக்காது. எங்கள் வீட்டில் ஞாயிறு மதியப் பாத்திரம் என் கணவருக்கும் மகனுக்கும் உரியது. முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது, இப்போது இல்லை.

அறுப்பின் பண்டிகை விருந்து முடிந்ததும் ஆலய வளாகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்காகவும், எங்கள் கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் காவலுக்கு நிற்கும் ஒடிசாக்காரத் தம்பிக்காகவும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று வேதம் சொல்வதை வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தம்பியின் முகம் வருகிறது. குடியிருப்போர் சங்கத்தில் அவருடைய வார விடுமுறை பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை, மறுபடி எழுதுவேன்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரத்திலிருந்து, சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாமல், எல்லா ஞாயிறும் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு விடுமுறை. எங்களிடம் மட்டும் கிடைத்த விடுமுறை அவருக்குப் போதவில்லை, ஏனென்றால் அவர் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மூன்றாம் மாடியில் இருக்கும் ஐயப்ப பக்தர் ஒருவர், நான் சொன்ன மாத்திரத்தில் சரி என்றார். மற்ற இரண்டு வீடுகளுக்கும் அவர் இன்னும் ஞாயிறு காலையில் போகிறார். அதில் ஒரு வீட்டம்மா எங்கள் ஆலயத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருபவர். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் பேசப் போகிறேன்.