ஒரு வசனத்துக்கு 17 வருசம்

‘த ஹை கிரவுண்ட்’ எண்ட, எதிர்காலத்தில நடக்கிற ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின்ர பகுதியை பிபிசி போடாமல் விட்டது பற்றி எழுதியிருக்கிறியள். அந்தக் காலத்து நிலைமையையும் சொல்லியிருக்கலாம் ஐயா. ஆயுதப் போராட்டம் வெண்டதுக்கு உதாரணமா, 2024இல அயர்லாந்து ஒண்டானதை டேட்டா எண்ட இயந்திர மனிதன் ஒரு வரியில சொல்லும். அவ்வளவுதான். 1990இல அமெரிக்காவில ஓடினது, பிபிசியில வெட்டாமல் வர 2007 ஆச்சு. 1988 தொடங்கி 1994 வரை பிரிட்டனிட்ட இருக்கிற வட அயர்லாந்தை அயர்லாந்தோட சேர்க்கக் கேட்ட சின் ஃபெயின் கட்சி ஆக்களின்ர குரலையே ஒலிபரப்பக் கூடாதெண்டு பிரிட்டிஷ் அரசு தடை போட்டிருந்தது. அவையள் பேச வாய் அசையும், குரல் ஒரு நடிகருடையது! பிறகு கற்பனைக் கதையை மட்டும் விடுவினமோ?

நான் இலங்கையில வன்னி, மல்லாவிப் பக்கம். அந்த நேரம் சண்டை, எங்களுக்குக் கரண்டும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, தம்பி பெடல் சுத்த, டைனமோவில ரேடியோவைப் போட்டு பிபிசியின்ர தமிழோசை கேப்பம். “பிபிசியே சொல்லிப்போட்டான்” எண்டால் அப்பாவுக்கு அதுக்கு மேல பேச்சில்லை. அதே பிபிசி ஒரு ரோபோவின்ர வாய்க்குப் பயந்து இருந்தது எங்களுக்கு எங்க தெரியும்?

2024உம் போயிட்டுது. அயர்லாந்து இன்னும் ரெண்டாத்தான் கிடக்கு.