மோரில் உப்புக் கேட்ட சித்தாள்

சித்திரை பிறந்துவிட்டால் கைப்பேசியைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. பாதாம் பிசின், சப்ஜா விதை, குல்கந்து, பித்தம் தணிக்கும் பொடி என்று வரிசையாக வருகிறது. எல்லா டப்பாவின் மேலும் பச்சை எழுத்தில் ஆயுர்வேதம். எனக்கு ஆயுர்வேதத்தின் மேல் பகை எதுவும் கிடையாது. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேரும் வெட்டிவேரும் வாங்காத கோடை என் வீட்டில் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பழைய நூல்கள் கோடையைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன என்று எடுத்துப் படித்தால், இந்த டப்பா விற்பவர்கள் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதல் தவறு பித்தம். கோடை என்றால் பித்தக் காலம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வாக்படர் என்ற பழைய வைத்தியர் எழுதிய ஆயுர்வேத நூல் அஷ்டாங்க ஹிருதயம்; அதன் முதல் பகுதியான சூத்திர ஸ்தானத்தில் மூன்றாம் அத்தியாயம் வேறு கணக்குச் சொல்கிறது. உடம்பை நடத்துபவை என்று ஆயுர்வேதம் சொல்லும் மூன்று வாதம், பித்தம், கபம். கோடையில் கபம் நாளுக்கு நாள் குறைகிறது, வாதம் சேர்கிறது. பித்தம் சேர்வது மழைக்காலத்தில். அது கிளம்பி ஆட்டம் காட்டுவது மழை ஓய்ந்தபின் வரும் சரத் காலத்தில். கோடையின் உண்மையான தொல்லையாக நூல் காட்டுவது வறட்சியையும் பலக்குறைவையும்தான். சூரியன் வடக்கே நகரும் ஆறு மாதமும் உடம்பின் பலத்தை உறிஞ்சிக்கொண்டே வருகிறது, அதன் கடைசிக் கட்டம் இது. ஆகவே இருக்கிற பலத்தைச் செலவழிக்காதே என்பதுதான் அந்த அத்தியாயத்தின் ஆதாரம்.

இரண்டாவது, தயிர். "வெயிலுக்குத் தயிர் குளிர்ச்சி" என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையோ கோடையிலும் வசந்தத்திலும் சரத்திலும் தயிர் பெரும்பாலும் ஆகாது என்கிறது. மற்றொரு பழைய வைத்தியரான சுஸ்ருதர் இன்னும் ஒரு படி மேலே போய், வெப்பக் காலத்தில் மோரும் கொடுக்காதே என்கிறார். இதைச் சொன்னபோது என் அக்கா என்னை ஏதோ மதம் மாறியவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நீர்மோர்ப் பந்தல் போட்டுப் பழகிய ஊரில் இதை யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை. அந்த நூல்களின் மோரும் நம் நீர்மோரும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். ஒரு பங்கு தயிருக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டதை மோர் என்பதைவிட மோர் வாசனையுள்ள தண்ணீர் என்பதே சரி.

நான் சொல்ல வந்தது மூன்றாவது விஷயம்: உப்பு.

போன வருடம் கத்தரி வெயிலில், வேலூரில் எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போட்டோம். மே முதல் வாரம். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுற்றிலும் பாறைக் குன்றுகள், மாலை ஏழு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். மேலே கலவை இயந்திரம் இரைந்துகொண்டிருக்க, கீழே மின்விசிறிக்கு அடியில் நான் வாக்படரின் அந்த அத்தியாயத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். உப்பு, காரம், புளிப்பு, உடற்பயிற்சி, வெயில் ஐந்தையும் விடு என்று ஒரே வரியில் வருகிறது. இனிப்பான, லேசான, நெய்ப்பசையுள்ள, குளிர்ந்த, நீர்த்த உணவு சாப்பிடு. இரவில் நிலாவும் நட்சத்திரமும் பட்டுக் குளிர்ந்த பாலைக் குடி. மது கூடாது, குடித்தே ஆகவேண்டுமென்றால் கொஞ்சமாக, அல்லது நிறையத் தண்ணீர் கலந்து. (மனிதர்களை அறிந்த மருத்துவர்.) வானத்தைத் தொட்டு வெயிலை மறைக்கும் உயரமான மரங்கள் இருக்கும் தோப்பில், அல்லது நீர் பொழியும் மண்டபத்தில் நண்பகலைக் கழி. வாழை இலையும் தாமரையும் பரப்பிய படுக்கை, சந்தனப் பூச்சு, முத்து மாலை, பனையோலை விசிறி. மற்ற பருவங்களில் பகல் தூக்கத்துக்குத் தடை. கோடையில் மட்டும் அனுமதி, ஏனென்றால் இரவு குறுகிவிடுகிறது.

படிக்கவே குளிர்ந்தது. பதினோரு மணிக்கு நீர்மோர் கலக்கி மேலே கொண்டுபோனேன். படித்ததன் வேகத்தில் உப்பைக் குறைத்திருந்தேன். காலையிலிருந்து ஜல்லி சுமந்த சித்தாள் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு கைப்பிடி உப்பு இருந்தால் கொடுங்கள் அம்மா என்றாள். அவள் ரவிக்கையின் முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருந்தது.

வாக்படர் தப்பாகச் சொல்லவில்லை. தோப்பிலும் நீர் மண்டபத்திலும் படுத்திருப்பவனுக்கு உப்பு அதிகம் தேவையில்லை. ஐந்தில் வெயிலையும் உழைப்பையும் விட முடிந்தவனுக்குத்தான் உப்பை விடச் சொன்னார். கடைசி இரண்டும் கையில் இல்லாதவளிடம் முதல் ஒன்றை மட்டும் பிடுங்கினால் அது வைத்தியம் ஆகுமா? வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே வியர்த்தால் தசை இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். இரத்த அழுத்த மாத்திரை விழுங்கிக்கொண்டு நிழலில் இருக்கும் எனக்கும் அவளுக்கும் எப்படி ஒரே மோர் ஆகும்? ஆள், இடம், காலம் பார்த்துச் சொல் என்பதும் ஆயுர்வேதம்தான். அது பொடி டப்பாவில் அடங்காது.

இடம் என்றதும் மண்பானை நினைவுக்கு வருகிறது. புது மண்பாண்டத்தில் வைத்த பானகத்தையும் பாதிரிப் பூ வாசம் ஏறிய தண்ணீரையும் அதே அத்தியாயம் புகழ்கிறது. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கிறது. எங்கள் ஊர் வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் பல் கூசும். சென்னையில் தம்பி வீட்டில் அதே பானை பிற்பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும். கடல் காற்றில் ஈரம் அதிகம், தண்ணீர் ஆவியாக மறுக்கிறது. நம் வியர்வைக்கும் அதே கதி. வெட்டிவேர்த் தட்டியும் அங்கே பாதிதான் வேலை செய்யும்.

அஷ்டாங்க ஹிருதயத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கேரளத்தில், கோடை வந்தால் தொழிலாளர் துறை ஓர் உத்தரவு போடுகிறது: வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 வரை கட்டாய ஓய்வு. எனக்குத் தெரிந்து அந்த அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல உரை கிடையாது. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, நல்லது. ஆனால் என் தெருவில் கலவை இயந்திரம் உச்சி வேளையில்தான் அதிகம் இரைகிறது.

இன்னொன்று. வெயிலில் நின்ற ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்து நினைவு தடுமாறினாலோ நன்னாரியும் கிடையாது, எலுமிச்சையும் கிடையாது. நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இந்த வருடம் பின்கட்டில் சமையல்கட்டை நீட்டிக் கட்டுகிறோம். காலை ஆறுக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு நிறுத்துங்கள், மீண்டும் மூன்றரைக்கு வாருங்கள் என்றேன். மேஸ்திரி யோசித்தார். அப்படியென்றால் வேலை இரண்டு நாள் இழுக்கும், இயந்திர வாடகை நாள் கணக்கு, ஆள் கூலியும் கூடும் என்றார். இரண்டும் என் கணக்கில் என்றேன். நம்பாமல் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் பானை வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு.